மின்னஞ்சலில் உள்ள இணைப்புகளைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டு ஸ்பேமை வடிகட்டுவது எப்படி?

ஸ்பேம் அனுப்புபவர் அனுப்புநர் முகவரியைப் போலியாக இடலாம், சர்வரை மாற்றலாம், வாசகங்களையும் நாள்தோறும் திருத்தலாம். ஆனால் பெறுநர் சொடுக்கும் இணைப்பு வேலை செய்தால்தான் அவருக்கு வருமானம். அதனால் அஞ்சலின் உடலில் உள்ள டொமைன்களை (இணைப்பில் வரும் தளப் பெயர்களை) சோதிப்பது பலன் தரும் வழி. ஸ்பேமைக் கண்காணிக்கும் அமைப்பான ஸ்பாம்ஹாஸின் டிபிஎல், எஸ்யூஆர்பிஎல், யூஆர்ஐபிஎல் ஆகிய மூன்றும் இதற்கெனப் பராமரிக்கப்படும் பட்டியல்கள். லினக்ஸ் சர்வரில் அஞ்சல் சேவையும், அஞ்சல்களுக்குப் புள்ளியிட்டு ஸ்பேமைக் கண்டறியும் ஸ்பாம்அசாசின் மென்பொருளும் ஏற்கெனவே இயங்குகின்றன என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

சோதனை முழுவதும், டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் வழியாகவே நடக்கிறது. இணைப்பிலிருந்து டொமைனைப் பிரித்தெடுத்து, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் அப்படியொரு பெயரே இல்லை என்ற பதில் வரும். இருந்தால் 127 என்று தொடங்கும் முகவரி வரும். டிபிஎல்லில் 127.0.1.2 என்பது ஸ்பேம் டொமைனையும், 127.0.1.4 ஃபிஷிங்கையும் (கடவுச்சொல் போன்றவற்றைத் திருடும் மோசடி), 127.0.1.5 மால்வேரையும் (தீங்கிழைக்கும் மென்பொருள்) குறிக்கும். எஸ்யூஆர்பிஎல்லில் கடைசி எண் ஒரு கூட்டுத்தொகை: 72 என்று வந்தால், 64 ஆகிய பொதுவான முறைகேடு, 8 ஆகிய ஃபிஷிங் என இரு வகையிலும் அந்த டொமைன் இடம்பெற்றிருக்கிறது என்று பொருள்.

முதல் வேலை, சர்வரிலேயே சொந்தமாக ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை, அதாவது டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் மென்பொருளை, நிறுவுவது. பெரும்பாலோர் இடறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பட்டியல்கள் இலவசப் பயன்பாட்டுக்கு, கேள்வி வரும் ஐபி முகவரியை வைத்து வரம்பு விதிக்கின்றன. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால், உலகெங்கும் உள்ளவர்களின் கேள்விகளோடு உங்களுடையதும் கலந்துவிடுவதால், மறுப்பே பதிலாக வரும். டிபிஎல் அப்போது 127.255.255.254 என்று சொல்லும், யூஆர்ஐபிஎல் 127.0.0.1 என்று சொல்லும். ஏதேனும் ஒரு முகவரி வந்தாலே ஸ்பேம் என்று முடிவுசெய்யும் சிறு ஸ்கிரிப்டை நீங்களே எழுதியிருந்தால், அன்று முதல் இணைப்புள்ள அஞ்சல்கள் அனைத்தும் ஸ்பேமாகிவிடும். ஸ்பாம்அசாசின் அப்படிக் குழம்பாது. ஆனால் அஞ்சலின் தலைப்பகுதியில் யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் என்ற விதி தென்படும். அது இணைப்பு தடுக்கப்பட்டதைச் சொல்லவில்லை, உங்கள் கேள்வி மறுக்கப்பட்டதைத்தான் சொல்கிறது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ரிசால்வர் அமைப்பைத் திறந்து பார்த்தால் பல லினக்ஸ் வகைகளில் 127.0.0.53 என்று இருக்கும். உள்ளூர் முகவரியாகத் தோன்றுவதால் பலர் அத்துடன் திருப்தியடைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் இடைத்தரகர் மட்டுமே. கேள்விகளை வேறொரு ரிசால்வருக்குத்தான் கைமாற்றுகிறது. ஆகவே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, அதில் கேள்விகளை வேறிடத்துக்குக் கைமாற்றும் ஃபார்வர்ட் அமைப்பு எதையும் சேர்க்காமல் விட்டுவிட்டு, ஸ்பாம்அசாசினின் உள்ளமைவுக் கோப்பில் டிஎன்எஸ்_சர்வர் என்ற அமைப்புக்கு 127.0.0.1 என்று கொடுங்கள். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளும் இதைச் செய்யும் என்றாலும், இந்த ஒரு வேலைக்கு அது தேவைக்கு மிஞ்சிய சுமை என்பது என் கருத்து.

அடுத்து, டிஎன்எஸ் கேள்விகள் கேட்க உதவும் டிக் கட்டளையால் 127.0.0.1 இடமே நேரடியாகக் கேட்டுச் சரிபாருங்கள். டிபிஎல்டெஸ்ட்.காம் என்பது சோதனைக்கென்றே பட்டியலில் வைக்கப்பட்டுள்ள டொமைன். அதன் பின்னால் டிபிஎல்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் என்று சேர்த்துக் கேட்டால் 127.0.1.2 வர வேண்டும். நன்கு அறிந்த நல்ல டொமைன் ஒன்றையும் கேட்டு, அதற்கு முகவரி எதுவும் வரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். இரண்டாவது சோதனையைத் தவிர்த்தால், எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லும் ரிசால்வரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்பாம்அசாசினில் இதற்கான யூஆர்ஐடிஎன்எஸ்பிஎல் செருகுநிரல் இயல்பாகவே இயங்கும். தனியாக எழுத வேண்டியது எதுவும் இல்லை. ஒரே பட்டியலை நம்பி அஞ்சலை நிராகரிப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்பேம் என முடிவுசெய்ய இயல்பாக 5 புள்ளிகள் தேவை. பட்டியல்கள் அதற்குப் பங்களிக்கட்டும், தனித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். குறிப்பாக, டிபிஎல்லில் 127.0.1.102 முதல் 127.0.1.106 வரை வரும் பதில்கள் பிறரால் தவறாகப் பயன்படுத்தப்பட்ட நேர்மையான தளங்களைக் குறிப்பவை. அவற்றுக்குக் குறைந்த புள்ளியே தகும்.

பின்சேர்க்கை: இவ்வளவும் செய்த பிறகும் 127.255.255.254 வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வாடகை மேகச் சர்வர்களின் ஐபிக்குப் பொதுவான தலைகீழ் டிஎன்எஸ் பெயர் (ஐபி முகவரியைக் கொண்டு தேடினால் கிடைக்கும் பெயர்) இருந்தால் ஸ்பாம்ஹாஸ் மறுக்கக்கூடும். அவர்களுடைய டேட்டா குவரி சர்வீஸில் பதிவுசெய்து, சிறிய, வணிகநோக்கற்ற பயன்பாட்டுக்கான இலவசச் சாவியைப் பெற்று அதன் வழியே கேட்பதே இதற்குத் தீர்வு. சுருக்கப்பட்ட இணைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் டொமைன்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஸ்பாம்அசாசின் 4.0 இல் உள்ள டிகோட்ஷார்ட்யூஆர்எல்ஸ் செருகுநிரல் அவற்றை விரித்துப் பார்க்கும். ஆனால் அதற்காக உங்கள் சர்வர் அந்தச் சுருக்கச் சேவையைத் தொடர்புகொள்ளும் என்பதால், யோசித்த பிறகே அதை இயக்குங்கள்.