எலீட் டேஞ்சரஸ்: ஹெட்செட் மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்களுக்கு

வி.ஆரில், அதாவது ஹெட்செட் மாட்டி ஆடும் மெய்நிகர் உலகில், விண்கலச் சண்டை ஆட எந்த கேம் நல்லது என்று யார் கேட்டாலும் எலீட் டேஞ்சரஸைத்தான் சொல்வேன். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் வெளியிட்டது. வயதாகிவிட்டது, ஆனாலும் காக்பிட்டில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் கண்ணாடிக்கு மேலே எதிரிக் கப்பல் நழுவிப் போவது தெரியும் பாருங்கள், மானிட்டரில் அது கிடைக்கவே கிடைக்காது.

முதலில் பட்டன்களை ஒழுங்கு செய்யுங்கள். ஹெட்செட் போட்டபின் கீபோர்டு கண்ணில் படாது, இந்த கேமுக்கோ கட்டளைகள் ஏராளம். த்ராட்டிலோடு, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலோடு, வரும் ஜாய்ஸ்டிக் இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இல்லாவிட்டால் கேம்பேட் போதும். எதிரே இருப்பவனை டார்கெட் செய்வது, திடீர் வேகம் தரும் பூஸ்ட், எதிரியின் குறியைக் குழப்பும் சாஃப், அப்புறம் பார்வையை நேராக்குவது, இவையெல்லாம் தடவித் தேடாமல் விரலுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில் நாற்காலி கொஞ்சம் திரும்பினாலும் காக்பிட் கோணலாகிவிடும்.

அடுத்தது பிப், அதாவது மின்சாரப் பங்கு. கப்பலின் மின்சாரம் கவசம், எஞ்சின், ஆயுதம் என மூன்றுக்கும் பிரிகிறது. மொத்தம் 6 பிப், ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 4. அடி விழும்போது கவசத்துக்கு 4, துரத்தும்போது எஞ்சினுக்கு, எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றதும் ஆயுதத்துக்கு. சண்டை முழுக்க விரல் இதை மாற்றிக்கொண்டே இருக்கணும்.

புதியவர்கள் த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிட்டு எதிரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். வேகமானியின் நடுவில் நீலப் பகுதி இருக்கும். அங்கே நிறுத்தினால்தான் கப்பல் நன்றாகத் திரும்பும். கண்ணை எதிரி மேலேயே வைத்து, அவன் தலைக்கு மேலிருந்து குறிக்குள் இறங்கும்வரை ஸ்டிக்கை இழுங்கள். வி.ஆர். கைகொடுப்பது இங்கேதான். ஆயுதத்துக்கு, ஆரம்பத்தில் தானாகக் கொஞ்சம் குறிபார்க்கும் கிம்பல் வகையே சரி.

சண்டை பழக, கிரக வளையங்களில் சுரங்கம் தோண்டும் இடங்களுக்குப் போங்கள். போலீஸ் கப்பல்கள் யாரை அடிக்கின்றனவோ அவனையே டார்கெட் செய்து, ஸ்கேன் முடிந்து 'தேடப்படுபவன்' என்று வந்தபின் சுடுங்கள். அவசரப்பட்டால் உங்கள் தலைக்கு விலை வரும். ஆபத்தானது என்று குறித்த இடங்களில் போலீஸே இருக்காது, இப்போதைக்கு வேண்டாம். கப்பல் வெடித்தால் திரும்ப வாங்க விலையில் சுமார் 5 சதவீதம் கட்டணும். அந்தப் பணம் கையில் இல்லாமல் கிளம்பவே கூடாது.

குறைகளும் இருக்கின்றன. எழுத்துகள் பொடி. என்னைப் போல் கண்ணாடி போடுபவர்களுக்கு ரொம்பச் சிரமம். நிழல்களின் தரத்தைக் குறைத்துவிட்டு, மிச்சமாகும் கிராபிக்ஸ் சக்தியை ஹெட்செட் படத் தெளிவுக்குக் கொடுங்கள். விண்வெளியில் காக்பிட் சட்டம் கண்ணுக்கு நிலையாக இருப்பதால் எனக்குக் குமட்டுவதில்லை. கிரகத்தில் ஓட்டும் வண்டிதான் வயிற்றைப் புரட்டும். அடிவானத்தை நிலையாக வைக்கும் ஆப்ஷனை ஆன் செய்து, மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள். 2021இல் வந்த ஒடிசி என்ற கூடுதல் தொகுப்பில் காலால் நடக்கும் பகுதி ஹெட்செட்டுக்குள் வெறும் தட்டைத் திரையாகத்தான் தெரியும். இத்தனை அழகான காக்பிட்டைக் கட்டியவர்கள் அதை அப்படி விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த மிஷன்களுக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மானிட்டரிலேயே ஆடுங்கள்.