சொத்து வரியை வைத்து வேட்பாளரை எடைபோடுவது எப்படி? படிப்படியான செய்முறை

சட்டமன்றத் தேர்தல் நெருங்கினாலே சொத்து வரிப் பேச்சும் கிளம்பிவிடும். ஒருவர் பாதியாகக் குறைப்பேன் என்பார். இன்னொருவர் உயர்வையே ரத்து செய்வேன் என்பார். மூன்றாமவர் முந்தைய ஆட்சியின் மேல் பழியைப் போடுவார். எங்கள் குடியிருப்பில் இந்த வாதம் தீர்ந்தபாடில்லை என்பதால், மேடையில் கேட்பதைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே தருகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, வாக்குச்சாவடி எது என்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தேவையானவை: 2017-18 முதல் உங்கள் வீட்டு வரி ரசீதுகள், உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள், முக்கியக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகள், குறிப்பெடுக்க ஒரு தாள். கூகுள் ஷீட்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டங்களைப் பார்த்தால் மதிப்பெண் போடத் தோன்றும், இந்த வேலைக்கு மதிப்பெண் உதவாது. முழு வாக்கியமாக எழுதி வையுங்கள்.

படி 1: சாவி யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிலம், கட்டடம் மீதான வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 49-ஆவது இனம். அதை வசூலிக்கும் அதிகாரத்தை மாநில அரசு சட்டம் போட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் இப்போது அதற்கான சட்டம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. ரசீது தருவது மாநகராட்சி, தீர்மானம் போடுவது மாமன்றம். ஆனால் எத்தனை விழுக்காடு என்ற வரம்பை வகுப்பது தலைமைச் செயலகத்திலிருந்து வரும் அரசாணை. கவுன்சிலரிடம் சண்டை போட்டு இது தீராது, சட்டமன்றத் தேர்தலில்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது கை ஒன்றும் உண்டு. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகள் ஒன்றிய அரசின் மானியத்தைப் பெற வேண்டுமானால் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்றும், மாநிலப் பொருளாதாரத்தின் வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் வளர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. 2022 உயர்வுக்கு மாநில அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ரத்து செய்வேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், இந்த மானியக் கணக்கு அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

படி 2: உங்கள் சொந்தக் கணக்கைப் போடுங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த படி இது. பொறுமையாகப் படியுங்கள்.

பழைய ரசீது கையில் இல்லையென்றால் இணையத்தில் எடுக்கலாம். சென்னை என்றால் மாநகராட்சித் தளத்தில் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் நான்கையும் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு நகராட்சி நிர்வாகத் துறையின் கட்டணத் தளம் இருக்கிறது, வரிவிதிப்பு எண் போதும். உங்களுக்கு வேண்டியது அரையாண்டுக் கேட்புத் தொகை, அதாவது கட்டச் சொல்லி உள்ளாட்சி கேட்கும் வரி. கட்டிய தொகையை எடுக்காதீர்கள். அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டியவர்களுக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழிந்திருக்கும், தாமதமாகக் கட்டியவர்களுக்கு அபராதம் சேர்ந்திருக்கும். இரண்டுமே கணக்கைக் குழப்பிவிடும்.

இனி வரலாறு. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும், 2018 வரை பொது சீராய்வு, அதாவது எல்லாக் கட்டடங்களின் வரியையும் மொத்தமாகத் திருத்துவது, நடக்கவில்லை. 2018 ஜூலையில் அன்றைய அ.தி.மு.க. அரசு குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரையும், குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 100 விழுக்காடு வரையும் உயர்த்தியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தலுக்குச் சற்று முன்பு, அதே அரசு அந்த உயர்வை நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டிய பணம் அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் தி.மு.க. அரசின் உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் சென்னையோடு இணைந்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் இதே அடுக்குகளில் 25, 50, 75, 100. பிறகு ஆண்டுதோறும் சிறிய உயர்வு என்ற விதியும் வந்தது. சென்னை மாமன்றம் 2024 செப்டம்பரில் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது.

சிக்கல் எங்கே என்றால், எந்த ஆண்டை அடிப்படையாக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். பழைய சென்னையில் 850 சதுர அடி வீடு, 2017-18-இல் அரையாண்டு வரி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2018-19-இல் 1,800. நிறுத்திவைத்த பிறகு மீண்டும் 1,200, ஆனால் முன்பு கட்டிய கூடுதல் பணம் கழிக்கப்படுவதால் ரசீதில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். 2022-இல் 75 விழுக்காடு ஏறி 2,100. 2024-இன் இரண்டாம் அரையாண்டில் 6 விழுக்காடு சேர்ந்து 2,226.

இப்போது 2018-19 ரசீதோடு 2022 ரசீதை வைத்துப் பார்ப்பவருக்கு உயர்வு 17 விழுக்காடுகூட இல்லை. ஈடுசெய்த ஆண்டின் ரசீதோடு பார்ப்பவருக்கு அது பல மடங்காகத் தெரியும். இரண்டுமே உண்மையான ரசீதுகள்தான். ஆளுங்கட்சிக்காரர் முதலாவதைக் காட்டுவார், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாவதைக் காட்டுவார். நீங்கள் எடுக்க வேண்டியது 2017-18-இன் கேட்புத் தொகை. எல்லா உயர்வுகளையும் அதிலிருந்தே அளந்து பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1998-லிருந்து 2022 வரை 24 ஆண்டுகளில் மொத்தம் 75 விழுக்காடு என்றால், கூட்டு விகிதத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.4 விழுக்காடு. ஆண்டுதோறும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாரும் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள். 24 ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்ததுதான் ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவரை நிலைகுலைய வைத்தது. என் பார்வையில் சீர்திருத்தம் என்பது இந்தத் தேங்கலையும் தாவலையும் நிறுத்துவது. குறைப்பேன் என்ற வாக்குறுதியைவிட, தேர்தலுக்காக நிறுத்தி வைக்கவும் மாட்டேன், திடீரென்று ஏற்றவும் மாட்டேன் என்று சொல்லும் வேட்பாளருக்கே என் தாளில் முதலிடம்.

படி 3: தேர்தல் அறிக்கையில் வினைச்சொல்லைப் பாருங்கள்

அறிக்கையின் பிடிஎப்பில் "சொத்து வரி" என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் நகர்ப்புற வளர்ச்சி, உள்ளாட்சி என்ற தலைப்புகளின் கீழ் பாருங்கள். தமிழ் பிடிஎப்களில் எழுத்துரு காரணமாகத் தேடல் பல நேரம் வேலை செய்யாது, அப்போது பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

"பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்", "சீரமைக்கப்படும்" என்பவற்றையும் "ரத்து செய்யப்படும்" என்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதல் வகைக்கு என் தாளில் இடமே இல்லை. இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் "பணம் எங்கிருந்து?" என்று எழுதுவேன். தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளே, வாக்குறுதிக்குத் தேவையான நிதியை எப்படித் திரட்டுவோம் என்பதை அறிக்கை பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கின்றன. 2013-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையொட்டி வந்த விதி அது. கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

படி 4: பிரமாணப் பத்திரத்தில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். குற்ற வழக்கு, சொத்து மதிப்பு இரண்டையும் செய்தித்தாளே போட்டுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது கடன் பகுதியில் அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலுவைகள் என்ற இடம். அங்கே வருமான வரிக்குப் பக்கத்திலேயே நகராட்சி வரி, சொத்து வரி நிலுவைக்கும் தனி வரிசை உண்டு. அசையாச் சொத்துப் பட்டியலில் நான்கு கட்டடம் வைத்திருப்பவர் அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவை இருந்தால் உடனே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள், வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கலாம். அதையும் அவரிடமே கேட்கலாம்.

பிரமாணப் பத்திரங்களைச் சுருக்கித் தரும் மைநேதா தளம் விரைவாகப் பார்க்க நல்லது, இரண்டு வேட்பாளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வசதி. ஆனால் இந்த வரிசைக்கு மட்டும் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து மூலப் பிரதியையே இறக்குங்கள். கையால் எழுதி ஸ்கேன் செய்ததாக இருந்தாலும் கண்ணை ஊன்றிப் படியுங்கள், சுருக்கத்தில் இந்த விவரம் கரைந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் வரும் "வேட்பாளர் ஒப்பீடு" படங்களை நான் தொடுவதே இல்லை.

ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் ஒரு கூடுதல் வேலை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு, நகராட்சி நிர்வாகத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் என்ன பேசினார் என்பதைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பில் பாருங்கள். மேயராகவோ கவுன்சிலராகவோ இருந்தவருக்கு, வரித் தீர்மானம் வந்த நாளில் எழுந்து பேசினாரா, வெளிநடப்புச் செய்தாரா, வாயே திறக்கவில்லையா என்று பாருங்கள்.

படி 5: நேரில் கேளுங்கள்

வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது. எங்கள் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கம் எல்லா வேட்பாளர்களையும் தனித்தனியே அழைத்தது, அதுதான் சரியான வழி. "வரியைக் குறைப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, எந்த அரசாணையை மாத்துவீங்க? மாத்தினா நம்ம மாநகராட்சிக்கு வர்ற பணம் குறையுமே, அதை மாநில அரசு ஈடுகட்டுமா, இல்ல குப்பை, தெருவிளக்குச் செலவைக் குறைப்பீங்களா?"

"ஒரே தெருவுல பழைய வீட்டுக்கு ஒரு வரி, புது ஃபிளாட்டுக்கு நாலு மடங்கு வரி. இதை எப்படிச் சரி செய்வீங்க?"

"உங்க கட்சி வேற முடிவு எடுத்தா என்ன செய்வீங்க?"

மூன்றாவது கேள்வி முக்கியம். கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அதனால் வேட்பாளரின் தனிப்பட்ட உறுதிமொழிக்குக் கட்சி அறிக்கையில் ஆதாரம் இருக்கிறதா என்று சேர்த்தே பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் ஆள் அனுப்பி விளக்கம் தந்தவரை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

படி 6: தாளில் நான்கு வாக்கியம்

ஒவ்வொரு வேட்பாளருக்கும் எழுதுங்கள்: என்ன சொல்கிறார், அதைச் செய்யும் அதிகாரம் அவர் கட்சிக்குக் கிடைக்குமா, பணத்துக்கு வழி சொன்னாரா, இதற்கு முன் என்ன செய்தார். எழுதியதை வீட்டில் உள்ளவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வாக்கியம் யாருக்காவது புரியவில்லை என்றால், வேட்பாளரின் பதில் உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்க் கேளுங்கள். சொத்து வரி மட்டும் பார்த்து வாக்களிக்கச் சொல்லவில்லை. பள்ளி, மருத்துவமனை, சாதி வன்முறை, குடிநீர் என்று உங்களுக்கு எது முக்கியமோ அதற்கும் இதே நான்கு வாக்கியம் பொருந்தும்.

பிற்சேர்க்கை 1: "நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கு எதற்கு?" என்று ஒரு தோழி பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். 2022 உயர்வு வந்ததும் பல வீட்டு உரிமையாளர்கள் அதை வாடகையில் ஏற்றினார்கள். உரிமையாளரிடம் கேட்புச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே சொன்ன வீட்டில் 2017-18-லிருந்து மொத்த உயர்வு அரையாண்டுக்கு 1,026 ரூபாய், மாதத்துக்கு 171. அதைக் காரணம் காட்டி மாதம் 1,000 ரூபாய் ஏற்றினால் பேச உங்களிடம் கணக்கு இருக்கிறது. சென்னையில் குடிநீர் வாரியத்தின் வரியும், சொத்து வரிக்கு அடிப்படையான கட்டடத்தின் ஆண்டு மதிப்பை ஒட்டித்தான் கணக்கிடப்படுகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: மாநகராட்சியோடு இணைக்கப்படும் ஊராட்சிகளிலிருந்து சில நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வரி இதுவரை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் இருந்தது, 2022 அடுக்குகள் உங்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே படி 2-இல் உள்ள அடிப்படை ஆண்டை அப்படியே எடுக்காதீர்கள், இணைப்புக்கு முந்தைய கடைசி ஊராட்சி ரசீதை அடிப்படையாக வையுங்கள். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கானது என்பதால், இணைப்பில் வரி ஏறுவதோடு அந்த வருமானமும் போய்விடும் என்ற கவலை அங்கே நியாயமானது. உங்கள் தொகுதி வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இணைந்த பகுதிக்குப் பழைய வரியே எத்தனை ஆண்டு தொடரும், அதை எழுத்தில் தருவீர்களா? பதில் கிடைத்தவர்கள் தொகுதி பெயரோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள், இந்தப் பகுதியிலேயே சேர்த்துவிடுகிறேன்.