எமரிட்டஸா, எமரிட்டாவா?

ஓய்வு பெற்ற பேராசிரியர் சிலருக்கு வழங்கப்படும் பட்டம்; அழைப்பிதழிலும் பெயர்ப்பலகையிலும் அடிக்கடி தடுக்கிவிழ வைக்கும் சொல் இது. லத்தீனில் 'மெரேயோர்' என்றால் ஈட்டுதல். படையில் ஊழியம் செய்வதையும் குறிக்கும். 'ஏ' முன்னொட்டுச் சேர்ந்தால் முழுவதும் செய்து முடித்தல். (அந்த 'ஏ'யை 'இல்லாத' என்று பிரித்து, 'தகுதி போனவர்' எனப் பொருள் சொல்வது வெறும் கேலி.) வினையின் உருவம் செயப்பாட்டுவினை, பொருளோ செய்வினை. அதனால் அதன் இறந்தகால எச்சமான எமரிட்டஸுக்கு 'முடிக்கப்பட்டவர்' அல்ல, 'முடித்தவர்' என்றே பொருள். ரோமில் அது ஊழியக் காலத்தை முடித்த படைவீரன். கி.மு. 25இல் அகஸ்டஸ் அத்தகையவர்களைக் குடியேற்றிய நகரம் எமரிட்டா அகஸ்டா, இன்றைய ஸ்பெயினின் மெரிடா. குடியேற்றத்தைக் குறிக்கும் 'கொலோனியா' பெண்பால் சொல். ஆகவே ஊர்ப்பெயரும் 'ஆ'வில் முடிகிறது.

நம் பெயரெச்சம் ('முடித்த') யாருக்கும் மாறாது. லத்தீன் எச்சம் மாறும். அதை 'முடித்தவன், முடித்தவள்' என்னும் வினையாலணையும் பெயர்போல நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஆளைப் பாருங்கள். ஓர் ஆணுக்கு எமரிட்டஸ், ஒரு பெண்ணுக்கு எமரிட்டா. ஆண்கள் பலருக்கும், ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கும் எமரிட்டி; பெண்கள் மட்டுமென்றால் எமரிட்டே. பிறகு இடத்தைப் பாருங்கள். 'புரொபசர்' என்பதற்குப் பின்னால் வந்தால் இந்த முடிவுகள் வேண்டும். பன்மையில் புரொபசரும் பன்மையாக வேண்டும். முன்னால் வந்தால் அது சாதாரண ஆங்கிலப் பெயரடை. பன்மைக்கும் எமரிட்டஸ் என்றே விடலாம். பெண்களுக்கும் எமரிட்டஸ் என்றே எழுதும் நிறுவனங்கள் உண்டு. நியமன ஆணையில் இருப்பதையே பின்பற்றுங்கள். 'டேட்டா'வின் பழக்கத்தில் எமரிட்டாவைப் பன்மை என்று எண்ணுவது அதிகம் காணும் பிழை. இரண்டும் 'ஆ'வில் முடிந்தாலும், டேட்டா அஃறிணைப் பன்மை.

கடன் வாங்கிய மொழிகள் ஒன்றுபோல் நடப்பதில்லை. இத்தாலியமும் ஸ்பானியமும் பால் பார்த்து ஓ, ஆ என்று முடிக்கின்றன. 2013இல் பதவி விலகிய போப் பதினாறாம் பெனடிக்ட் இத்தாலியத்தில் 'பாப்பா எமெரிட்டோ' ஆனார் ('பாப்பா' என்றால் போப்). ஜெர்மன் இதிலிருந்து ஒரு வினையையே செய்துகொண்டது. பிரெஞ்சில் 'எமெரிட்' கைதேர்ந்தவரையும் குறிக்கும்; குதிரையேற்றத்தில் வல்ல இளைஞரையும் அப்படிச் சொல்லலாம், ஓய்வு பெற்றவர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

தமிழில் 'தகைசால் பேராசிரியர்' போதும். 'சால்' பால் பார்த்து மாறாது. கௌரவப் பேராசிரியர் என்பது வேறு பதவி. வயது முதிர்ந்து ஓய்வு பெற்ற எல்லோரும் எமரிட்டஸ் ஆவதும் இல்லை; பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது தனியே வழங்கப்படும் பட்டம்.