பொறியியல் பிடிக்குமா? பிளஸ் டூ முடியும் முன்பே தெரிந்துகொள்ளலாம்

ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) எடுப்பதா, மெக்கானிக்கல் எடுப்பதா என்று கவுன்சிலிங் நேரத்தில் குழம்புவதைவிட, பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே கொஞ்சம் தொட்டுப் பார்ப்பது நல்லது. பணம் கட்டிச் சேரும் கோர்ஸ் எதுவும் இதற்குத் தேவையில்லை.

முதலில் டிங்கர்கேட். மின்சுற்றுகளைத் திரையிலேயே அமைத்துச் சோதிக்க உதவும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இலவசத் தளம், பிரவுசரிலேயே இயங்கும். அதில் சர்க்யூட்ஸ் பகுதிக்குப் போய் ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), ஒரு சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) மூன்றையும் தொடராக இணையுங்கள். 5 வோல்ட்டில் எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர். சாதாரண எல்இடி தாங்கும் 20க்குள் இருக்கிறது, சரி. இப்போது ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள், எல்இடிக்கு ஆபத்து என்று திரையே காட்டும். பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதி எதற்கு என்பது அங்கே புரிந்துவிடும். இந்த வேலை உங்களை ஒரு மணி நேரம் எழுந்திருக்கவிடாமல் பிடித்துவைத்தால், அது நல்ல அறிகுறி.

அப்புறம் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளம். ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். முழுக் கோர்ஸும் பள்ளி மாணவருக்குக் கடினம், அறிமுக வகுப்புகள் இரண்டு மூன்று போதும்.

சான்றிதழுக்காக மட்டும் செலவு செய்யாதீர்கள். ஏனென்றால், டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) பொதுக் கலந்தாய்வுத் தரவரிசைக்கு அடிப்படை 200க்கான கட்ஆஃப்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.