நெடுந்தொடர் கொமிக்ஸில் ஆசிரியர் பீடத்தின் கையை அடையாளம் காண்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் சித்திரக்கதை வாசித்து வளர்ந்த எங்களில் பலருக்கு ஒரு தொடர் முழுதாகக் கிடைத்ததில்லை. சிவகாசியில் அச்சான முத்து, லயன் இதழ்கள் இடையிடையே விடுபட்டே கைமாறி வந்தன. நேற்றுவரை காதலித்த இருவர் இன்று அந்நியராக நின்றால், நடுவில் ஓர் இதழைத் தவறவிட்டோம் என்று எண்ணிக்கொள்வோம். இப்போது அமெரிக்கத் தொடர்களைக் கைத்தொலைபேசியில் ஒன்றும் விடாமல் வாசிக்கும் இளையவர்களும் அதே திகைப்பை அடைகிறார்கள் என்றால், அதற்கான காரணத்தைக் கதைக்கு வெளியே தேட வேண்டும்.

மார்வல், டி.சி. நிறுவனங்களில் பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. எழுத்தாளர் சில காலம் அதைப் பராமரித்துவிட்டுப் போகிறவர். ஆகவே வாசிக்கும்போது ஒரு கொப்பியில் இதழின் ஆண்டு, எழுத்தாளர், ஆசிரியர் (எடிற்றர்), தலைமை ஆசிரியர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஓர் உறவு திடீரெனத் திரும்பும் இடத்தில் இந்தப் பெயர்களில் எது மாறியது என்று பார்ப்பதே முதற்படி.

அடுத்து, மாற்றத்துக்கான காரணம் பாத்திரங்களின் மனத்திலிருந்து பிறந்ததா என்று கேளுங்கள். 1987இல் மணமுடித்த பீற்றர் பார்க்கர் (ஸ்பைடர்மேன்), மேரி ஜேன் இருவரின் திருமணம், 2007இல் தொடங்கிய கதையொன்றில், பீற்றரை வளர்த்த மே மாமியின் உயிருக்கு விலையாக மெஃபிஸ்ரோ என்னும் பிசாசினால் அழிக்கப்பட்டது. திருமணம் ஸ்பைடர்மேன் கதைகளின் வாய்ப்பைக் குறுக்குகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா. அக்கதையை எழுதிய ஸ்ரக்சின்ஸ்கியோ முடிவோடு உடன்படவில்லை என்று பகிரங்கமாகவே கூறினார். உயிரையும் ஆன்மாவையும் கேட்கும் பிசாசு ஏன் ஒரு திருமணத்தைக் கேட்கிறது? வில்லனின் விருப்பம் அவனுக்குப் பொருந்தாமல் அலுவலகத்தின் விருப்பத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தினால், அங்கே அலுவலகத்தின் கை இருக்கிறது என்று நான் கொள்வேன்.

பிற ஊடகங்களையும் கவனியுங்கள். சுப்பர்மேன், லொயிஸ் லேன் திருமணம் தொலைக்காட்சித் தொடருக்காகத் தள்ளிவைக்கப்பட்டதால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பவே 1992இல் சுப்பர்மேனின் மரணக் கதை உருவானது. 1996 ஒக்ரோபரில் திரையிலும் தாளிலும் ஒரே வாரத்தில் திருமணம் நடந்தது.

எனினும் ஆசிரியரின் தலையீடு என்றதும் கதை கெட்டது என்று தீர்ப்பெழுதிவிட வேண்டாம். இந்த அவசரம் நல்ல வாசகரிடமும் உண்டு. மார்வலின் எக்ஸ்-மென் தொடரில், 1980இல் நாயகியரில் ஒருத்தியான ஜீன் கிரே கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்ந்த உலகொன்றை அழித்த பின், சக்தியை இழந்து உயிரோடு வீடு திரும்புவதாகவே எழுத்தாளர் கிளேர்மொன்ற்றும் ஓவியர் ஜோன் பேர்னும் முடித்திருந்தார்கள். அத்தனை பெரிய கொலைக்கு அது ஈடாகாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூற்றர் மறுத்தார். முடிவு மாற்றப்பட்டு, காதலன் ஸ்கொற்றின் கண்முன்னே அவள் தன்னையே அழித்துக்கொண்டாள். கைவிடப்பட்ட முடிவை 1984இல் மார்வலே தனி இதழாக வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஷூற்றர் கேட்டதே நேர்மையான முடிவு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதே ஷூற்றரின் காலத்தில்தான், எக்ஸ்-மென்னின் முதல் ஐவரையும் ஒன்றுசேர்க்கும் புதிய தொடருக்காக 1986இல் ஜீன் உயிரோடு மீட்கப்பட்டாள். இறந்தது அவளே அல்ல என்றும் விளக்கம் தரப்பட்டது. அதற்குள் மடலின் என்ற பெண்ணை மணந்து குழந்தைக்கும் தந்தையாகியிருந்த ஸ்கொற், இருவரையும் விட்டு ஜீனிடம் ஓடினான். பல ஆண்டுகளாகப் பொறுப்புக்கே பெயர்பெற்றிருந்த ஒருவன் ஓர் இதழுக்குள் அப்படி ஆனது எனக்கு இன்றும் வலிக்கிறது. பின்னர் மடலின் ஜீனின் நகலென்று சொல்லப்பட்டு, 1988 தொடங்கிய கதையில் கொடியவளாகி மாண்டாள். எனவே நல்லவளாக வளர்ந்த ஒருத்தி திடீரெனக் கொடியவளாகும்போது, அவளுடைய குற்றத்தைத் தேடுவதற்கு முன், அவளால் யாருடைய குற்றம் கழுவப்படுகிறது என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.