ஈக்விப் உதவிக்குப் போகும்முன்

மேரிலாந்தின் டார்செஸ்டர் கவுண்டியில் எங்கள் வயல், செசபீக் விரிகுடாவை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிறது. கோடையில் ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அங்கே மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு மேல் வராது. அதற்காகத்தான் மண், நீர் பாதுகாப்புக்குப் பணம் தந்து உதவும் அமெரிக்க வேளாண் துறையின் ஈக்விப் திட்டத்தில் சேர்ந்தேன்.

முதலில் பண்ணைச் சேவை அலுவலகத்தில் பண்ணை எண் வாங்குங்கள். பத்திரமோ குத்தகைச் சீட்டோ கையில் இருக்கட்டும். சதுப்பு நிலத்தையும் எளிதில் அரிக்கும் மண்ணையும் காக்கும் விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று உறுதி தரும் ஏடி-1026 படிவத்தையும் அங்கேயே கொடுத்துவிடலாம். பிறகு ஈக்விப்பை நடத்தும் என்ஆர்சிஎஸ் அமைப்பின் அலுவலரை வயலுக்கே வரச்சொல்லி, உப்புப் பூத்த இடம், தண்ணீர் தேங்கும் மூலை எல்லாவற்றையும் நடந்து காட்டுங்கள். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். ஆனால் விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்த ஒரு கெடு உண்டு, அதைக் கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும்முன் மட்டும் தயவுசெய்து வேலையைத் தொடங்காதீர்கள். பருவம் போகிறதே என்று ஒரு துண்டில் நான் மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிராக ரை என்ற தானியத்தை விதைத்துவிட்டேன். பச்சைப் பசேலென்று வந்தது. அந்தத் துண்டுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. வேலை முடிந்து, அவர்கள் சரிபார்த்த பிறகே பணம் வரும். விவசாயத்துக்கு வந்து 10 ஆண்டுக்குள் என்றால் பாதியை முன்பணமாகக் கேட்கலாம். கேட்கத் தயங்காதீர்கள்.