சவாரியில் ஏறுமுன்: வெளியே தெரியாத நோய் உள்ளவர்களுக்கு

கேளிக்கைப் பூங்காவில் சவாரி வரிசையின் முனையில் நிற்கும் ஊழியர் பிள்ளையை அளவுகோலில் நிறுத்தி உயரம் பார்ப்பார். மடிக்கம்பி பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வோர் ஆளாக இழுத்துப் பார்ப்பார். அப்பாவுக்குப் போன வருஷம் வைத்த ஸ்டென்ட், அக்காவின் வலிப்பு மாத்திரை, மாமா இன்னும் வீட்டில் சொல்லாத தலைசுற்றல், இவை எதுவும் அவர் கண்ணுக்குப் படாது. சிங்கப்பூரில் கேளிக்கைச் சவாரி நடத்த 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் எந்திரத்தைக் கவனிக்கிறது. ஏறப்போகும் உடம்பைக் கவனிக்க வேண்டியது நாம்தான், அதுவும் முந்தின நாளே, வீட்டில் வைத்து.

ஜூன் விடுமுறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும்போது, எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி நடக்க யாருக்கும் மனம் வராது. அதனால் யார் எதில் ஏறுவது, யார் கீழே நிற்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், அசைவைப் பாருங்கள்

சவாரியின் பெயரும் அலங்காரமும் எதையும் சொல்லாது. ஒவ்வொரு சவாரிக்கும் வெளியே உள்ள பலகையிலும் பூங்காவின் இணையப் பக்கத்திலும் அசைவின் தன்மை எழுதியிருக்கும்: திடீர்ப் புறப்பாடு, பின்னோக்கிய ஓட்டம், செங்குத்துச் சரிவு, சுழற்சி, இருட்டு, மின்னும் விளக்கு, புகை, நனைதல். யூனிவர்சல் ஸ்டூடியோஸின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் ரோலர் கோஸ்டரில் இரண்டு தடங்கள். சிவப்பு, உட்கார்ந்து போவது. நீலம், கால்கள் தொங்கத் தலைகீழாகச் சுழல்வது. உயரம் 42.5 மீட்டர், அதாவது வீவக புளோக்கில் ஏறத்தாழ 15 மாடி. அதைப் பார்த்தாலே பயந்து ஒதுங்கிவிடலாம். சிக்கல் மம்மி சவாரி மாதிரியானவற்றில்தான். கட்டடத்துக்குள் இருட்டில் ஓடுவதால் எவ்வளவு வேகம், எப்போது பின்னோக்கிப் போகும் என்று வெளியிலிருந்து தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியை ‘படம் பார்ப்பதுதானே’ என்று பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இருக்கை குலுங்கும், விளக்குகள் வெட்டும், கண் ஒரு திசையும் உடம்பு வேறொரு திசையும் உணரும்.

பாசார் மாலாமில் போடும் சுழல் சவாரிகளில் பலகை சின்னதாக இருக்கலாம். ஏறுமுன் ஒரு முழுச் சுற்றை நின்று பாருங்கள். கழுத்து எந்தப் பக்கம் இழுபடுகிறது, நிறுத்தம் மெதுவாகவா, வெட்டினாற்போலவா என்று கவனித்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

பலதுறை மருந்தகத்தில் “ரோலர் கோஸ்டர் ஏறலாமா டாக்டர்?” என்று கேட்டால் “கவனமா இருங்க” என்றுதான் பதில் வரும். அவர் அந்தச் சவாரியைப் பார்த்திருக்க மாட்டார். கைப்பேசியில் சவாரியின் காணொளி ஒரு நிமிடம் காட்டிவிட்டு இப்படிக் கேளுங்கள்: என் இதயத்துடிப்பு சில விநாடிகளில் 150ஐத் தொட்டால் பரவாயில்லையா? கழுத்து திடீரென்று முன்னும் பின்னும் வெட்டினால்? அடிவயிற்றிலோ நெஞ்சிலோ கம்பி அழுத்தினால்? நான் சாப்பிடும் மாத்திரையால் இரத்தக்கசிவு கூடுமா?

150 என்பது சும்மா சொன்ன எண் இல்லை. ஜெர்மனியில் ஆரோக்கியமானவர்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றி அளந்தபோது, நிமிடத்துக்கு 90ஐ ஒட்டி இருந்த சராசரித் துடிப்பு 150ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்குப் பெரும் பங்கு பயமும் எதிர்பார்ப்பும்தான். அதனால் சவாரி நகர்வதற்கு முன்பே, பூட்டிய இருக்கையில் காத்திருக்கும்போதே இதயம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

இதயம், இரத்த அழுத்தம்

மூன்று மாடி படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறதா, மூச்சு முட்டுகிறதா? அப்படியென்றால் எந்தப் பரபரப்புச் சவாரியும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கே மூன்று மாதம் வரை ஆகும். தோள் வழியாக இறங்கும் பூட்டு நேராக அந்த இடத்தில்தான் அழுத்தும். அன்று காலை இரத்த அழுத்தம் 180/110ஐத் தொட்டால் சவாரி மட்டுமல்ல, அன்றைய வெயில் நடையும் வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களுக்கு இரண்டு விஷயம். கருவி பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும், தோள்பூட்டு அதன் மேலேயே உட்காரும். பொருத்திய முதல் ஆறு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது, ஒயர் நகர்ந்துவிடும். அடுத்தது காந்தம். சில கோஸ்டர்கள் வலுவான காந்த விசையால் புறப்பட்டுக் காந்த பிரேக்கால் நிற்கின்றன. எந்தச் சவாரியில் அது உண்டு என்று விருந்தினர் சேவை முகப்பில் கேட்டுவிட்டு, பேஸ்மேக்கர் கிளினிக்கிலும் சொல்லுங்கள். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி வைத்திருப்பவர்கள், எத்தனை துடிப்பில் அது வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பயத்தால் ஏறும் சாதாரணத் துடிப்பையே ஆபத்தென்று எடுத்துக்கொண்டு கருவி அதிர்ச்சி கொடுத்துவிடக்கூடும்.

நோய் இருப்பதே தெரியாதவர்கள் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? நீந்தத் தெரிந்தும் நீரில் மூழ்கியவர் உண்டா? பிள்ளை ஓடும்போதோ அலாரம் அடித்து அதிரும்போதோ மயங்கி விழுந்ததுண்டா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் ஈசிஜி எடுக்காமல் ஏற்றாதீர்கள். இதயத் தசை தடிப்பதும், ‘லாங் க்யூடி’ என்னும் மின்னோட்டக் கோளாறும் இளவயதில் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். பையன்களுக்குத் தேசிய சேவைக்கு முந்தைய பரிசோதனையில் ஈசிஜி எடுத்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு நாம்தான் நினைவு வைத்துக் கேட்க வேண்டும்.

நீரிழிவு

நம் வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான், பூங்காவில் அதிகம் தவறு நடப்பதும் இதில்தான்.

சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பயந்தாலும் இதேதான். கோஸ்டரை விட்டு இறங்கியவருக்கு எது எதனால் என்று உடம்பை வைத்துச் சொல்ல முடியாது. படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அடையாளமும் மங்கிவிடும். ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திப் பாருங்கள். கையில் ஒட்டும் சென்சார் இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். வேகமாக இறங்கும் நேரத்தில் அந்த இடைவெளி பெரிது.

மீட்டர் 4.0க்குக் கீழே காட்டினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவின் மீட்டர் வேறு கணக்கில் இருக்கும். இங்குள்ள 4.0 (mmol/L) அங்கே 72 (mg/dL). 15 கிராமுக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஒன்று 4 கிராம் உள்ள குளுக்கோஸ் மாத்திரை என்றால் நான்கு.

‘அரை கேன் குளிர்பானம்’ என்ற பழைய கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 2022 டிசம்பரில், பானத்தின் சீனி அளவைக் காட்டும் நியூட்ரிகிரேட் முத்திரை வந்த பிறகு இங்கே விற்கும் பல பானங்களில் சீனி குறைந்துவிட்டது. ‘பி’ முத்திரை போட்ட பானத்தில் 100 மில்லிக்கு அதிகபட்சம் 5 கிராம்தான். அதில் 15 கிராம் கிடைக்கக் குறைந்தது 300 மில்லி, அதாவது கிட்டத்தட்ட முழு கேன் குடிக்க வேண்டும். 2 கிராம் என்று போட்டிருந்தால் முக்கால் லிட்டர். மயங்குகிறவரால் அவ்வளவு குடிக்க முடியாது. வாங்கும்போதே கேனைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். குளுக்கோஸ் மாத்திரை எடுத்துப் போவதே மேல். அதை லாக்கரில் போட்டுவிட்டு வரிசைக்குப் போகாதீர்கள்.

இன்சுலின் வெயிலில் கெடும், வெப்பத்தில் தோலுக்குள் வேகமாகவும் இழுக்கப்படும். வழக்கமான அளவு போட்டுக்கொண்டு செந்தோசாவில் இரண்டு மணி நேரம் நடந்தால் சர்க்கரை நினைத்ததைவிடக் கீழே போகும். பேனாவைக் குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ்கட்டியில் நேராகப் படக்கூடாது. உறைந்த இன்சுலினை எறிய வேண்டியதுதான். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் காந்த விசைச் சவாரிகளுக்கு முன் அதைக் கழற்றித் துணைக்கு நிற்பவரிடம் கொடுங்கள், இறங்கியதும் மாட்டிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போதே கழற்றினால் ஒரு மணி நேரம் இன்சுலின் இல்லாமல் போய்விடும். ஏறும் மேடையில், கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள்.

கழுத்து, வலிப்பு, கர்ப்பம், மற்றவை

கழுத்துத் தேய்மானம், வட்டு விலகல், எலும்பு மெலிவு உள்ளவர்கள் வெட்டி நிற்கும் சவாரிகளைத் தவிருங்கள். முடக்குவாதத்திலும் டவுன் சின்ட்ரோமிலும் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தத்தை நீர்க்க வைக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும் முதியவருக்குத் தலை சின்னதாகக் குலுங்கினாலும் மண்டைக்குள் கசிவு வரலாம், சில சமயம் நாட்கள் கழித்து.

வெளிச்சத்தால் வரும் வலிப்புக்கு விநாடிக்கு 3 முதல் 30 முறை வெட்டும் விளக்கு ஆபத்து. மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடினால் இமை வழியாக வெளிச்சம் போய்விடும். முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தாலோ மாத்திரை ஒரு வேளை விட்டுப்போயிருந்தாலோ அன்று ஏறவே வேண்டாம்.

கர்ப்பம் எத்தனை வாரமானாலும், ஐயமாக இருந்தாலும், வேண்டாம். திடீர் நிறுத்தத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியக்கூடும். ஆஸ்துமா இன்ஹேலரை லாக்கரில் வைக்காமல், இறங்கும் வாசலில் நிற்பவரிடம் கொடுங்கள்.

இருக்கையில்

பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, இடுப்பு முதுகுப்பலகையில் முட்டிய பிறகே கம்பியை இறக்குங்கள். முன்னால் சரிந்து உட்கார்ந்தால் கம்பி தொடையில் படாமல் வயிற்றில் படும். இடுப்புப் பையோடு பூட்டினால் கிளிக் சத்தம் கேட்கும், ஆனால் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கும். தலையை இருக்கையின் தலைச்சாய்வில் ஒட்டி, நேராகப் பார்த்து, கைப்பிடியைப் பிடியுங்கள். எதையாவது காட்டப் பக்கவாட்டில் திரும்பிய நொடியில் வரும் வெட்டுத்தான் கழுத்தைப் பிடிக்கும். தயக்கத்தோடு ஏறுகிறவர் ரயிலின் நடுப்பெட்டியைக் கேளுங்கள். கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது வேகமாக இழுத்தெறியப்படும். பிள்ளைக்குத் தடித்த காலணி போட்டு உயரம் காட்டாதீர்கள். அந்த அளவு கம்பி தொடையில் பொருந்துவதற்காக வைத்தது.

நடுவழியில் நின்றுவிட்டால்

சென்சார் ஐயப்பட்டாலே சவாரி நின்றுவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கோஸ்டர் ஏற்றத்தில் நின்றால் ஓரத்துக் குறுகிய படியில் நடந்து இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் முடியாதவர், உயரத்தில் தலைசுற்றுகிறவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் சவாரிகளும் இதற்கு விலக்கில்லை. 2008 டிசம்பரில் சிங்கப்பூர் ஃபிளையர் நின்றபோது 173 பேர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மேலேயே இருந்தார்கள். அரை மணி நேரச் சுற்று என்று மாத்திரைப் பையைக் காரில் விட்டுவிட்டு ஏறாதீர்கள். அடுத்த வேளை மருந்து, குளுக்கோஸ், கொஞ்சம் தண்ணீர் மடியில் இருக்கட்டும்.

கைப்பேசியின் பூட்டுத் திரையிலேயே நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் தெரியும்படி வையுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களின் மாத்திரைக்கு இங்கே வேறு வணிகப் பெயர் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் படம் எடுத்து வைத்தால் அவசரப் பிரிவில் நேரம் மிச்சம்.

இறங்கிய பிறகு

சட்டென்று எழாதீர்கள். வெளியே வந்து நிழலில் பத்து நிமிடம் உட்காருங்கள். அடுத்த சவாரிக்குமுன் வானிலை காட்டும் மைஇஎன்வி (myENV) செயலியில் வெப்ப உளைச்சல் (WBGT) அளவைப் பாருங்கள், சாதாரண வெப்பநிலையை அல்ல. 33ஐத் தொட்டால் ‘உயர்’ நிலை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது கடுமையான நேரம், உள்ளே ஏசியில் உட்காருவது நல்லது.

நெஞ்சு இறுக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் எதுவானாலும் 995. கூடவே அருகிலிருக்கும் ஊழியரையும் கூப்பிடுங்கள். பூங்காவுக்குள் ஆம்புலன்சை வழிகாட்டி அழைத்து வரவும், நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கொண்டுவரவும் அவர்களால்தான் விரைவாக முடியும். மூச்சில்லாமல் விழுந்தவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். ஏஇடி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

புதிதாக ஒரு தலைவலியோ கழுத்தின் ஒரு பக்க வலியோ அன்றிரவோ ஒரு வாரம் கழித்தோ வந்தால், பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும், மூளையைச் சுற்றிக் கசிந்தாலும் இப்படி மெதுவாகத்தான் தெரியவரும். அவசரப் பிரிவுக்குப் போய், எந்த நாளில் எந்தச் சவாரி ஏறினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவர் அதைக் கேட்கமாட்டார்.